பன்னீர்த் திராட்சை விளையும் பள்ளத்தாக்கு

சில பண்டங்களை ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொன்னால்தான் நாவில் நீர் ஊறுகிறது. பால்கோவா என்று மட்டும் சொன்னால் போதாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா என்று சொல்ல வேண்டும். காராச்சேவுக்குச் சாத்தூர், எண்ணெய்ப் புரோட்டாவுக்கு விருதுநகர். வானம் பார்த்த கரிசல் பூமியாகிய நமது ஜில்லாவுக்கு மழை வஞ்சனை செய்தாலும், ஜனங்கள் தங்கள் கைத்திறமையினால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கீர்த்தியைத் தேடி வைத்திருக்கிறார்கள்.

சிவகாசிக்கு அருகில் நாம் குடியிருக்கும் விஸ்வநத்தத்துக்கு உண்ணும் பண்டம் எதனாலும் பெயர் கிடையாது. இங்கே பட்டாசும் அதைச் சார்ந்த தொழில்களுந்தான். ஆனால் ஒரு பெயருக்கு என்ன மதிப்பு என்பதை இப்பிரதேசத்தாருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக் கொண்டு திரும்பினார்கள். சிவகாசிக்குத் தீப்பெட்டி வந்தது. தீப்பெட்டியின் மேல் ஒட்டுவதற்குப் படம் போட்ட லேபில் வேண்டியிருந்தது. லேபிலுக்காக அச்சுக்கூடங்கள் பெருகின. எல்லாப் பெட்டியிலும் குச்சி குச்சிதான், மருந்து மருந்துதான். ஆயினும் கடைக்குப் போகிறவர், "இன்ன படம் போட்ட பெட்டியைக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் வழக்கத்தை அந்தச் சிறு காகிதம் உண்டாக்கிவிட்டது.

இத்தகைய ஊரிலே, சாயங்கால வேளையில் தள்ளுவண்டியில் வந்து நிற்கும் கறுப்புத் திராட்சைக்கு லேபிலும் இல்லை, ஊரும் இல்லை. விதையுள்ளது, விதையில்லாதது என்று இரண்டே வகை. விதையில்லாதது உசத்தி, விதையுள்ளது மட்டம். அந்த மட்டமான வகைதான் 2023-ஆம் ஆண்டில் 'கம்பம் பன்னீர்த் திராட்சை' என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்ற பழம் என்பதை விற்கிறவரும் அறியார், வாங்குகிறவரும் அறியார். அது விளையும் பூமியைக் கண்ணால் பார்த்து வருவோம் என்று சென்ற காலாண்டு விடுமுறையில் புறப்பட்டோம்.

தேசப் படத்தை விரித்துப் பார்த்தால் கம்பம் நமக்கு வெகு தூரமில்லை என்றே தோன்றும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே நிற்கும் மலைகளுக்கு அப்பால் வருஷநாடு; அதற்கும் அப்பால் மேகமலை; மேகமலையை இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. பறவையானால் ஒரு பொழுதில் போய்விடும். மனிதனோ மலையைச் சுற்றித்தான் போக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி. கல்லுப்பட்டி, பேரையூர், உசிலம்பட்டி என்று பஸ் மாறி மாறிப் போய், ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டினோம். அதுவரையில் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வேலிக்கருவேலும் பனையும் காய்ந்த கண்மாய்களுமே. தேனியைக் கடந்து சின்னமனூர் வந்ததும் காட்சி முற்றிலும் மாறிவிட்டது. இரு பக்கமும் மலைச்சுவர். நடுவே நெல் வயல்களும் வாழையும் தென்னையும். கரிசல் காட்டிலிருந்து போகிறவர்களுக்கு அந்தப் பச்சை சற்றுக் கண் கூசவே செய்யும்.

இந்தப் பச்சைக்கு ஒரு சரித்திரம் உண்டு. மலைக்கு அப்பால் மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்து கொண்டிருந்தது பெரியாறு. அதைக் குறுக்கே தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டார்கள். பென்னிகுயிக் என்ற ஆங்கில எஞ்சினீயரின் மேற்பார்வையில் கட்டப்பட்ட அந்த அணை 1895-ல் நிறைவேறியது. இன்றைக்கும் இப்பள்ளத்தாக்கின் குடியானவர்கள் தங்கள் குழந்தைகளுக்கு அவருடைய பெயரை வைப்பதுண்டு. மேற்கு மலை மழையை மறித்துக் கொள்வதால் இங்கே காற்று வறண்டிருக்கிறது. ஆற்றின் தயவால் மண்ணோ ஈரமாயிருக்கிறது. காலில் தண்ணீரும் தலையில் வெயிலும் வேண்டும் என்று கேட்கும் பயிர் திராட்சை. இரண்டும் கூடிவந்த இடம் இது.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில்தான் திராட்சைத் தோட்டங்கள் மிகுதி. சுமார் பத்துக் கிராமங்கள். இரண்டாயிரம் ஏக்கர் அளவிலான சாகுபடி. அவ்வளவுதான் இந்த நாட்டின் பரப்பு. ஆனால் தமிழ்நாட்டில் திராட்சை பயிராகும் பரப்பில் ஏறக்குறைய 85 சதவீதம் இந்தப் பன்னீர் வகையே என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

திராட்சைத் தோட்டம் என்றால், சினிமாவில் காட்டும் ஐரோப்பியத் தோட்டத்தைப் போல இடுப்பளவுச் செடிகள் வரிசை வரிசையாக நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே தோட்டம் என்பது ஒரு பெரிய கல்யாணப் பந்தல். வரிசையாகக் கல் தூண்களை ஊன்றி, ஆள் உயரத்தில் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கொடி தரையிலிருந்து ஒற்றைத் தண்டாக ஏறி, மேலே போய்ப் படர்கிறது. இலை வெயிலைத் தாங்கிக் கொள்ள, கொத்துக்கள் நிழலில் தொங்குகின்றன. வெளியே பகல் பன்னிரண்டு மணி வெயில். பந்தலுக்குள் நுழைந்தால் மாலை ஆறு மணி.

"வாங்க வாத்தியாரய்யா, தலையைக் குனிஞ்சு வாங்க. கொத்து இடிச்சிரும்" என்று வரவேற்றார் தோட்டத்துக்கு உடையவர். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். "எங்களுக்கா இடிக்கும், கொத்துக்கா?" என்று நம்மோடு வந்த நண்பர் கேட்டார். "கொத்துக்குத்தான். உங்க தலை ஆறிரும். பழத்து மேல விரல் பட்டாலே அந்தப் பால் போயிரும்" என்றார் பெரியவர்.

அவர் 'பால்' என்று சொன்னது பழத்தின் மேல் பனி படர்ந்தாற்போல் காணும் வெண்படலத்தை. இதை மருந்தென்று எண்ணிப் பயப்படுகிறவர்கள் அநேகர். உண்மையில் அது பழமே தன் மேல் பூசிக் கொள்ளும் மெழுகு. உள்ளே உள்ள ஈரம் வறண்டு போகாமல் காப்பது அதன் வேலை. படலம் கலையாத கொத்து, அதிகம் கைபடாத கொத்து. கொடிக்கு மருந்து தெளிக்கிறார்கள் என்பதும் மெய்தான். ஆகையால் உண்பதற்கு முன் நன்றாகக் கழுவ வேண்டும். ஆனால் வாங்கும்போது பளபளப்பைத் தேடாமல், வெண்படலத்தையே தேட வேண்டும்.

இங்கே திராட்சைக்குப் பருவம் என்று ஒன்று தனியாக இல்லை. கவாத்துச் செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நூற்றிருபது நாளில் பழம் அறுவடைக்கு வந்துவிடுகிறது. ஒரு தோட்டத்தில் இன்று கவாத்து, அடுத்த தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் பழம். இரண்டு வருஷத்தில் ஐந்து மகசூல் எடுக்கலாம். குளிர் நாடுகளில் ஆறு மாதம் தூங்கும் கொடி இங்கே தூங்குவதே இல்லை. "அதுக்கும் ஓய்வில்லை, எங்களுக்கும் ஓய்வில்லை" என்றார் பெரியவர்.

ஓய்வில்லாத உழைப்புக்கு ஊதியம் எப்படி என்று விசாரித்தோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பந்தலின் கிழக்குப் பக்கத்தைக் காட்டினார். அங்கே கல் தூண்கள் நின்றன. கம்பியும் இல்லை, கொடியும் இல்லை. தூண்களுக்கு நடுவே வாழைக் கன்று நட்டிருந்தது.

"அதுவும் திராட்சையாத்தான் இருந்துச்சு. மூணு மகசூல் தொடர்ந்து மழையில போச்சு. பழுக்கிற நேரத்துல மழை பிடிச்சா பழம் வெடிச்சிரும். வெடிச்ச பழத்தை யாரும் வாங்க மாட்டாங்க. வானம் இருட்டினா வியாபாரி விலையைப் பாதியாக்கிருவார். நம்ம பழத்துக்கு விலையை நாம வைக்கிறதில்லை, ஐயா. மழை வைக்குது, வியாபாரி வைக்கிறார். பயத்துல நாங்களும் பத்து நாளு முன்னாடியே வெட்டிர்றோம்."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நாம் தேடிப் போன விடை இருந்தது. மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் போலத் திராட்சை பறித்த பின் பழுப்பதில்லை. கொடியிலிருந்து கத்தரித்த கணத்தில் எவ்வளவு இனிப்போ, அவ்வளவே கடைசி வரைக்கும். அதிலும் இவ்வகைக்கு ஒரு விஷமத்தனம் உண்டு: இனிப்பு ஏறுவதற்கு முன்னால் நிறம் ஏறிவிடும். பார்வைக்குக் கறுத்திருக்கும்; வாயில் போட்டால் புளிக்கும். புளித்த பழத்தை வாங்கித் தின்ற ஊரார், 'விதைத் திராட்சையே இப்படித்தான்' என்று முடிவு கட்டி, வெளி மாநிலத்திலிருந்து வரும் விதையில்லாப் பழத்துக்குப் போய்விடுகிறார்கள். கேட்பாரில்லாமையால் விலை இறங்குகிறது, விலை இறங்கும் பயத்தால் இன்னும் முன்னதாக வெட்டுகிறார்கள், இன்னும் புளிக்கிறது. இந்தச் சக்கரம் சுழலச் சுழலப் பந்தல்கள் ஒவ்வொன்றாக வாழைத் தோட்டங்களாக மாறுகின்றன.

பெரியவர் ஒரு கொத்தைத் தேர்ந்தெடுத்துக் கத்தரித்துக் கொடுத்தார். அது முழுக்கப் பழுத்தது. மூக்கினருகே கொண்டு போனதுமே பன்னீர் வாசனை. தோல் தடித்தது, உள்ளே சதை வழுவழுவென்று சாறு நிறைந்தது, இனிப்பு முதலில், பின்னால் இலேசான புளிப்பு, கடைசியில் மீண்டும் அந்த வாசனை. 'பன்னீர்' என்று பெயரிட்டவர் வெறும் கற்பனையால் இடவில்லை. ரோஜாப்பூவின் வாசனைக்குக் காரணமான பொருள்களில் ஒன்று ஜெரானியால் என்பது. அதே பொருள் இந்தத் திராட்சையிலும் இருப்பதாக ரசாயன சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். ஆராய்ச்சிச்சாலை சொல்வதற்கு முன்பே நமது குடியானவரின் மூக்கு சொல்லிவிட்டது!

சாஸ்திர நூல்களில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் உருவானது. வாசனைக்குப் பேர்போன அலெக்ஸாண்டிரியா மஸ்கட் அதன் பெற்றோரில் ஒன்று. தமிழ்நாட்டுக்குப் பன்னீர்த் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்தார் என்பது இப்பக்கத்தில் வழங்கும் செய்தி. இராயப்பன் என்பதே பேதுருவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இட்ட பெயர்தான். இராயப்பன்பட்டிப் பந்தல்களின் நடுவே நின்று கேட்கும்போது அச்செய்தி மிகவும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

பிரெஞ்சுப் பாதிரியார் என்றதும் பிரான்ஸில் இந்தப் பழம் எப்படி வாழ்கிறது என்று அறிய ஆவல் உண்டாயிற்று. அந்நாட்டுக்கு நாம் போனதில்லை. நூல்கள் வாயிலாக அறிந்ததைச் சொல்கிறோம்.

பிரான்ஸின் தென்கிழக்கில், அவிஞோன் நகரத்துக்கு அப்பால், வான்தூ என்றொரு மலை தனித்து நிற்கிறது. உயரம் 1,900 மீட்டருக்கு மேல். உச்சியில் மரமே இல்லாமல் வெண்சுண்ணக் கல்லாக இருப்பதால், கோடையிலும் பனி மூடியதுபோல் தெரியும். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1336-ல் இதன் மேல் ஏறியதைப் பற்றி ஒரு கடிதமே எழுதி வைத்தார். இந்த மலையடிவாரமும் ஒரு சிறிய திராட்சை நாடு. மிஸ்த்ரால் என்ற வடகாற்று வீசி ஈரத்தை உலர்த்திவிடுகிறது. ஆகவே கொடிகளைப் பூஞ்சை நோய்கள் அதிகம் அண்டுவதில்லை. கிரெனாஷ், சிரா முதலிய திராட்சைகளிலிருந்து அங்கே மது வடிக்கிறார்கள். அதற்கு 1973-ல் ஊர்ப் பெயர்ச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் நமக்கு முக்கியமானது அதுவன்று. அதே அடிவாரத்தில், வடிப்பதற்காக அல்லாமல் உண்பதற்காகவே, நமது கம்பத்துப் பன்னீர்த் திராட்சையின் உடன்பிறப்பாகிய அதே மஸ்கட் ஹாம்பர்க்கைப் பயிரிடுகிறார்கள்! 1997-ல் 'மஸ்கட் வான்தூ' என்ற பெயர் அந்தப் பழத்துக்கும் சட்டபூர்வமாகக் கிடைத்தது.

அந்தப் பெயரைச் சும்மா கொடுத்துவிடவில்லை. குறித்த அளவு இனிப்பு ஏறாத கொத்தை அப்பெயரால் விற்கக் கூடாது. கையினாலேயே பறிக்க வேண்டும். ஒவ்வொரு கொத்தையும் எடுத்து, அழுகியதும் வெடித்ததும் பழுக்காததுமான மணிகளைச் சிறு கத்தரிக்கோலால் நீக்க வேண்டும். மேலே உள்ள வெண்படலம் கலையக் கூடாது. நமது பெரியவர் பந்தலில் நம்மை எச்சரித்ததும் இதைத்தானே! இவ்வளவுக்கும் உட்பட்டபின், வாங்குகிறவர் 'திராட்சை கொடு' என்று கேட்பதில்லை. 'வான்தூ மஸ்கட் கொடு' என்று கேட்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு அந்தப் பிரதேசத்து வீடுகளில் பதின்மூன்று வகை இனிப்புகளை மேஜையில் பரப்பி வைப்பது வழக்கம். அவற்றினிடையே திராட்சைக்கும் ஓர் ஆசனம் உண்டு.

எதனோடு எதை உண்பது என்பதை அவர்கள் ஒரு சாஸ்திரமாகவே வைத்திருக்கிறார்கள். ஆட்டிறைச்சிக்கு வான்தூவின் செந்நிற மது. பக்கத்துச் சிற்றூராகிய போம் தெ வெனீஸில் வேறொரு மஸ்கட்டிலிருந்து வடிக்கும் இனிப்பு மதுவுக்கு முலாம்பழம், அல்லது உப்புக் கரிக்கும் வெள்ளாட்டுப் பாற்கட்டி. இனிப்புக்கு எதிரில் உப்பை நிறுத்துவது இந்தச் சாஸ்திரத்தின் முதற் சூத்திரம்.

மதுவைப் பற்றிய மட்டில் அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு. 1937-ல் சேலம் ஜில்லாவில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தபோது குடியானவர் வீட்டுப் பெண்கள் அடைந்த ஆறுதலை மறந்தவர்கள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. வேதாகமத்தில் 'திராட்சரசம்' என்று படித்துவிட்டு, அதைப் புளிரசத்தோடு சேர்த்து எண்ணிக் கொண்ட மாணவர்களும் நம் வகுப்பில் உண்டு! நம் வீடுகளுக்குத் திராட்சை கிண்ணத்தில் வர வேண்டாம். தட்டில் வந்தால் போதும். ஆனால் அந்தச் சூத்திரம் தட்டுக்கும் பொருந்தும் என்பதை ஊர் திரும்பிய பின் வீட்டாரோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தோம்.

பால்கோவாவைத் தின்றுவிட்டுத் திராட்சையைத் தின்றால் பழம் புளிக்கிறது. பெரிய இனிப்புக்கு முன் சிறிய இனிப்பு தோற்றுவிடுகிறது. பழத்தை முதலில் உண்டு, பால்கோவாவைப் பின்னால் உண்டால் இரண்டும் பிழைக்கும். விருதுநகர்ப் புரோட்டாவும் சால்னாவும் உண்டபின் நான்கைந்து மணி வாயில் போட்டால் எண்ணெய்ப் பிசுக்கு அகன்று நாக்கு தெளிகிறது. விதையை நீக்கிய பழத்தைத் தயிர் சாதத்தில் சேர்த்தால் மாதுளையைவிட மணமாயிருக்கிறது. ஆனால் பரிமாறும் சமயத்தில் சேர்க்க வேண்டும், முன்னரே கலந்தால் சாதம் நிறம் மாறிவிடும். எல்லாவற்றிலும் முதல் பரிசு சாத்தூர்க் காராச்சேவுக்குத்தான். ஒரு வாய் சேவு, ஒரு மணி திராட்சை. உப்பும் மிளகாயும் பூண்டும் கலந்த அந்தக் காரத்தின் மேல் பன்னீர் வாசனை இறங்கும்போது, மலைக்கு இப்பக்கத்துக் கரிசலும் அப்பக்கத்துப் பள்ளத்தாக்கும் சம்பந்தம் செய்து கொண்டது போலிருக்கிறது. புளித்த பழம் வந்துவிட்டால் எறிய வேண்டாம். தோலோடு சிறிது நீரில் கொதிக்க வைத்து, மசித்து, வடிகட்டி, வேண்டிய சர்க்கரை சேர்த்தால் செக்கச் செவேலென்று சாறு கிடைக்கும். அந்த நிறமெல்லாம் தோலில் இருப்பது. தோலைத் துப்புகிறவர்கள் அதை இழக்கிறார்கள்.

ஒரே கொடி, இரண்டு மலையடிவாரங்கள். ஓரிடத்தில் அதற்கு மேஜையில் ஆசனம். மற்றோரிடத்தில் தள்ளுவண்டியில் அநாமதேயம். நமது மண் எவ்விதத்திலும் குறைந்ததன்று. வான்தூவில் வருஷத்துக்கு ஒரு மகசூல்தான். கம்பத்திலோ எந்த மாதமும் பழம். உழைப்பிலும் குறைவில்லை. சட்டத்தின் பாதுகாப்பும் 2023-ல் வந்துவிட்டது. குறையெல்லாம் சட்டத்துக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் நடுவிலே இருக்கிறது. பெயர் பத்திரத்தில் இருக்கிறது. பழத்தின் மேல் இல்லை.

இங்கேதான் நம் சிவகாசிக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. எத்தனையோ ஊர்ச் சரக்குகளுக்கு லேபில் அச்சிட்டு அனுப்பும் ஊருக்கு, அட்டைப் பெட்டியில் ஒட்ட ஒரு சிறு சீட்டு அச்சிடுவது பெரிய காரியமா? கம்பம் பன்னீர்த் திராட்சை என்ற பெயர், விளைந்த கிராமம், வெட்டிய தேதி, இந்த மூன்றும் இருந்தால் போதும். தேதி போட வேண்டியிருந்தால் வியாபாரி பழைய கொத்தைப் புதிது என்று விற்க முடியாது. ஊர்ப் பெயர் போட வேண்டியிருந்தால் பழுக்காத கொத்தை வெட்டக் குடியானவருக்கே மனம் வராது. பழி ஊரார் எல்லாருக்குமல்லவா வந்து சேரும்? நன்றாகப் பழுக்கும் வரை காத்திருந்தவருக்கு அதற்குரிய விலை கிடைக்குமானால், மழையைத் துணிந்து எதிர்பார்க்கவும் அவருக்குத் தைரியம் பிறக்கும்.

சீட்டு வரும்வரை நேயர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டிக்காரரிடம் "கிலோ என்ன விலை?" என்று கேட்பதற்கு முன்னால், "இது பன்னீர்த் திராட்சைதானா? எந்த ஊரில் விளைந்தது? என்றைக்கு வெட்டியது?" என்று கேளுங்கள். முதல் நாள் அவர் விழிப்பார். நாலு வீட்டில் கேட்டால், ஐந்தாம் நாள் மண்டியில் விசாரித்துக் கொண்டு வருவார். மண்டிக்காரர் கம்பத்துக்குப் பேசுவார். அந்தக் கேள்வி பந்தலுக்குப் போய்ச் சேரும்போது, வாழைக் கன்று நட்ட கல் தூண்களின் மேல் மறுபடியும் கம்பி இழுக்க யாராவது ஒருவர் நினைக்கக் கூடும்.